எம்ஆர்ஐ அறிக்கையில் 'லேப்ரம் கிழிசல்' என்று வந்தால் இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துதான் ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: பெண், வயது 46, ஐந்து மாதங்களாக வலது இடுப்பில் வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைகிறது, படியேறும்போது குத்துகிறது, எம்ஆர்ஐ அறிக்கையில் 'லேப்ரம் (இடுப்பு மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள திசு வளையம்) கிழிசல், ஆரம்பநிலைத் தேய்மானம்' என்று எழுதியிருக்கிறது, ஒரு மருத்துவர் ஆர்த்ரோஸ்கோபி (சிறு துளை வழியே மூட்டுக்குள் செய்யும் அறுவை சிகிச்சை) செய்யலாம் என்கிறார், மற்றொருவர் ஸ்டீராய்டு ஊசி போதும் என்கிறார், யாரை நம்புவது? தள்ளிப்போட்டால் மூட்டையே மாற்ற வேண்டிவருமா, 74 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த உங்கள் தாயாரின் நிலை உங்களுக்கும் வருமா, தினசரி நடைப்பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் விடை காண வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அறிக்கையில் எழுதப்பட்ட அந்தக் கிழிசல்தான் உங்கள் வலிக்குக் காரணமா? இரண்டு மருத்துவர்களில் எவரும் இதை உங்களிடம் விளக்கியதாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை.

என் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பு மூட்டு சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன் என்றாலும், உங்களை நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. காலை மடக்கித் திருப்பிப் பார்க்கவில்லை. எம்ஆர்ஐ படங்களையும் பார்க்கவில்லை. நீங்கள் விவரித்தவையும் அறிக்கையின் ஒரு வரியும் மட்டுமே என் முன் உள்ளன. ஆகவே மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்டவற்றை அவ்வாறே சொல்கிறேன். உங்களைப் பற்றி நான் ஊகிப்பதை ஊகம் என்றே சொல்கிறேன்.

இடுப்பு மூட்டு உடலில் மிக ஆழமாக அமைந்தது. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் பொருந்தும் இடம், தொடையும் அடிவயிறும் சந்திக்கும் மடிப்பின் நடுப்பகுதிக்குப் பின்னால் இருக்கிறது. எனவே மூட்டுக்குள்ளிருந்து எழும் வலி பெரும்பாலும் தொடையிடுக்கிலேயே தெரியும். சிலருக்கு அது தொடையின் முன்பக்கமாக இறங்கி முழங்கால்வரை போகும், ஏனெனில் இடுப்பு மூட்டுக்கு உணர்வு தரும் நரம்புகளில் சில முழங்காலுக்கும் கிளை அனுப்புகின்றன. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், மூட்டு வலி உள்ளவர் பலநேரம் பெருவிரலைப் பின்புறமும் மற்ற விரல்களை முன்புறமும் வைத்து இடுப்பைக் கவ்விப் பிடித்துக் காட்டுவார். பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு மேட்டை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுபவருக்கு, அங்கே வந்து பற்றும் பிட்டத் தசைகளின் தசைநாண்களில் (தசையை எலும்போடு இணைக்கும் நார்களில்) பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம். வலி பிட்டத்திலோ அதற்கு மேலோ தொடங்கி முழங்காலுக்குக் கீழும் ஓடினால், மரத்துப்போதலும் சேர்ந்திருந்தால், முதுகெலும்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த எல்லைக் கோடுகள் கறாரானவை அல்ல, ஒன்றன் மேல் ஒன்று படரும். ஆனாலும் நோயாளி விரல் வைக்கும் இடத்தைக் கேட்காமல் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் முடிவை நான் நம்புவதில்லை.

அடுத்தது கையால் செய்யும் பரிசோதனை. நோயாளியைப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, தொடையை உட்புறமாகச் சுழற்றும்போது அசைவு குறைந்து தொடையிடுக்கில் வலித்தால் மூட்டுக்குள் கோளாறு இருக்கலாம். தேய்மானத்தில் முதலில் பறிபோகும் அசைவு பெரும்பாலும் இந்த உட்சுழற்சியே. இதே நிலையில் தொடையை மறுபக்கம் நோக்கித் தள்ளிப் பார்ப்பது லேப்ரம் கோளாறுக்கான சோதனை என்று பெயர் பெற்றிருக்கிறது. அதன் குறை என்னவென்றால், இடுப்பில் வேறு கோளாறு இருந்தாலும் அந்தச் சோதனையில் வலிக்கலாம். ஆகவே அந்தச் சோதனையில் வலிக்காவிட்டால் மூட்டுக்குள் பிரச்சினை இருக்கும் வாய்ப்பு குறைகிறது என்று கொள்ளலாம். வலித்தால் கிழிசல் உறுதி என்று கொள்ள முடியாது. பக்கவாட்டு வலிக்கு, வலிக்கும் காலில் மட்டும் 30 விநாடி நிற்கச் சொல்லிப் பார்ப்பது எளிய, பயனுள்ள சோதனை. அந்த நேரத்துக்குள் வழக்கமான வலி அந்த எலும்பு மேட்டில் எழுந்து, அதே இடத்தை அழுத்தினாலும் வலித்தால் தசைநாண் மீதான சந்தேகம் வலுக்கும். நிற்கும்போது மறுபக்க இடுப்பு தாழ்ந்துபோனால் பிட்டத்தின் பக்கத் தசைகள் பலவீனப்பட்டுள்ளன என்று பொருள்.

இனி உங்களை அச்சுறுத்தும் அந்த வரிக்கு வருவோம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி வளையம்போல் அமைந்த மென்மையான திசுவே லேப்ரம். இடுப்பு வலியே இல்லாத 45 தன்னார்வலர்களை எம்ஆர்ஐ செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட மூட்டுகளில் 69 சதவீதத்தில் லேப்ரம் கிழிசல் காணப்பட்டது. அவர்களின் சராசரி வயது 38க்கும் சற்றுக் குறைவு. எக்ஸ்ரேயும் இதில் விதிவிலக்கல்ல. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில், அடிக்கடி இடுப்பு வலித்தவர்களின் மூட்டுகளில் 15.6 சதவீதத்தில் மட்டுமே எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது. தேய்மானம் தெரிந்த மூட்டுகளிலோ 20.7 சதவீதம் மட்டுமே அடிக்கடி வலித்தன. இதனால் படமெடுப்பது வீண் என்று ஆகிவிடாது. எலும்பு முறிவு, எலும்புத் தலையில் ரத்த ஓட்டம் தடைபடுதல், கட்டி, கிருமித் தொற்று ஆகியவற்றைக் கண்டறிய படம் இன்றியமையாதது. ஆனால் 46 வயதில் ஓர் எம்ஆர்ஐ அறிக்கையில் கிழிசல் என்று வருவது, அறிகுறிகளோடு பொருந்தினாலன்றி, சிகிச்சையைத் தீர்மானிக்கும் தகுதி பெறாது. கதிரியக்க நிபுணர் தம் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியாக வேண்டும். அவற்றில் எது வலிக்கிறது என்று சொல்லும் பொறுப்பு அவருடையது அன்று.

நீங்கள் விவரித்தது, அதாவது ஒருக்களித்துப் படுக்கும்போதும் படியேறும்போதும் கூடுகிற வலி, அதோடு உங்கள் வயது, ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பிட்டத் தசைநாண் கோளாறே என் முதல் ஊகம். தொடையிடுக்கில் வலிப்பதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை என்பதும் என் ஊகத்துக்கு ஒரு காரணம். எழுத மறந்திருந்தால் என் ஊகம் மாறும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இந்தக் கோளாறை முன்பெல்லாம் 'பர்சைட்டிஸ்' என்று எழுதிவிடுவது வழக்கம். இப்போதும் பல மருந்துச் சீட்டுகளில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. எலும்பு மேட்டின் மேலுள்ள நீர்ப்பையின் வீக்கமே காரணம் என்று கருதப்பட்டது. நோயாளிகளை எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் மூலம் ஆராய்ந்தபோது, பெரும்பாலோரிடம் தசைநாணில்தான் மாற்றம் இருப்பதும், நீர்ப்பை வீக்கம் சிலரிடம் மட்டுமே இருப்பதும் தெரியவந்தது. தொடை உடலின் நடுக்கோட்டை நோக்கிச் சாயும்போதெல்லாம், வெளிப்புறத்தில் ஓடும் உறுதியான திசுப்பட்டை அந்தத் தசைநாணை எலும்போடு அழுத்துகிறது. கால்மேல் கால் போட்டு உட்காருவது, ஒரு பக்கமாக இடுப்பைச் சாய்த்து நிற்பது, ஒருக்களித்துப் படுக்கும்போது மேல் கால் முன்னால் சரிந்து விழுவது எல்லாமே அந்த அழுத்தத்தைக் கூட்டுபவை.

இதற்கான சிகிச்சை பற்றி ஓரளவு திடமான சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 204 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு மூன்று வழிகளை ஒப்பிட்டது: அழுத்தத்தைத் தவிர்க்கும் அறிவுரையோடு படிப்படியான தசை வலுப்பயிற்சி, ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி, சிகிச்சையின்றிக் காத்திருத்தல். எட்டு வாரம் கழித்து நன்கு குணமடைந்ததாகச் சொன்னவர்கள் பயிற்சிக் குழுவில் சுமார் 77 சதவீதம், ஊசிக் குழுவில் 58, காத்திருந்தவர்களில் 29. ஓராண்டு கழித்துப் பயிற்சிக் குழு ஏறத்தாழ அதே உயரத்தில் நின்றது. ஊசி போட்டவர்களுக்கும் சும்மா காத்திருந்தவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லாமல் போயிற்று. ஊசி தீங்கு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தூங்கவே முடியாத அளவு வலிப்பவருக்கு, பயிற்சியைத் தொடங்க வழிசெய்வதற்காக நான் அதைப் பரிந்துரைப்பதுண்டு. ஊசியை மட்டும் போட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வதைத்தான் ஏற்கவில்லை. பயிற்சி என்றால் இழுத்து நீட்டும் பயிற்சிகள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்; பிட்டத்தையும் தொடையின் வெளிப்புறத்தையும் வலிந்து நீட்டினால் தசைநாண் மேலும் அழுந்தும். படுத்து இடுப்பை உயர்த்துதல், பிறகு பாதி உட்கார்ந்து எழுதல், பிறகு ஒற்றைக் காலில் படியேறி இறங்குதல் என்று வாரக்கணக்கில் சுமையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். படுக்கும்போது மல்லாந்தோ, வலிக்காத பக்கம் திரும்பி முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்தோ படுப்பது முதல் வாரத்திலேயே பலருக்கு வித்தியாசம் காட்டும்.

என் ஊகம் தவறி, வலி உண்மையில் மூட்டுக்குள்ளிருந்து வருவதாக இருந்தால் என்ன செய்வது? ஐயம் தீராதபோது, படம் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் மரப்பு மருந்தைச் செலுத்திப் பார்க்கும் வழி உண்டு. அடுத்த சில மணி நேரம் வலி பெருமளவு மறைந்தால் அது மூட்டின் வலி. மறையாவிட்டால் வேறிடம் தேட வேண்டும். முற்றிலும் பிழையற்ற சோதனை இல்லை என்றாலும், அறுவை சிகிச்சைக்கு முன் இதைச் செய்யாமல் போவது எனக்கு உடன்பாடில்லை. இளையவர்களிடம் லேப்ரம் கிழிவதற்கு அடிப்படையாக அமைவது பெரும்பாலும் எலும்பின் வடிவமே. தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேருமிடம் புடைத்திருந்தாலோ, கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டிருந்தாலோ, மடக்கும்போது இரண்டும் மோதுகின்றன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003இல் விளக்கியதிலிருந்து இந்தக் கருத்து பரவலானது. அதன்பின் ஆர்த்ரோஸ்கோபிகளின் எண்ணிக்கையும் பெருகியது. பிரிட்டனில் 348 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஆர்த்ரோஸ்கோபியும் தனிப்பட்ட முறையில் வகுத்த பிசியோதெரபியும் ஒப்பிடப்பட்டன. ஓராண்டு முடிவில் இரண்டு குழுவினரும் முன்னேறியிருந்தார்கள். 100 புள்ளி அளவுகோலில் அறுவை சிகிச்சைக் குழு 6.8 புள்ளி முன்னால் இருந்தது. நோயாளி உணரக்கூடிய குறைந்தபட்ச வேறுபாட்டைச் சற்றே தாண்டிய அளவு அது. ஆக, பயன் உண்டு, அது மிதமானது. குருத்தெலும்பு தேயத் தொடங்கிவிட்ட மூட்டிலும், நாற்பதுகளைக் கடந்தவர்களிடமும் அந்தப் பயன் மேலும் குறைகிறது. சில ஆண்டுகளில் மூட்டு மாற்றத்துக்குப் போக நேர்பவர்களும் இந்தப் பிரிவில்தான் அதிகம். உங்கள் அறிக்கையில் தேய்மானமும் சேர்ந்திருப்பதால், ஆர்த்ரோஸ்கோபியை முதல் படியாக வைக்க நான் தயங்குவேன். கிழிசலைத் தைத்துவிட்டால் பிற்காலத் தேய்மானம் தடுக்கப்படும் என்று உங்களிடம் சொல்லப்பட்டிருந்தால், அது இன்றுவரை நிறுவப்படாத நம்பிக்கை.

தள்ளிப்போட்டால் மூட்டு மாற்றத்தில் முடியுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: ஆரம்பநிலைத் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் அது வேகமாக முற்றுவதில்லை, பலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். உடற்பயிற்சி தேய்மான வலியைச் சிறிதளவு குறைக்கிறது, அதைப் பெரிதாக்கிச் சொல்லக்கூடாது. உடல் எடை மிகையாக இருந்தால் குறைப்பது உதவும். இரைப்பை, சிறுநீரகம், இதயம் ஆகியவற்றில் தடை இல்லாதவர்கள் வலிநிவாரணிகளைக் குறுகிய காலத்துக்கு எடுக்கலாம். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டின் பயன் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரையே. மூட்டு மாற்றத்துக்கு முந்தைய மூன்று மாதங்களில் அதைப் போட்டால் தொற்று அபாயம் கூடும். ஹயலுரானிக் அமில ஊசி இடுப்பு மூட்டில் பயன் தருவதாகச் சான்று இல்லை. ஸ்டெம் செல் என்ற பெயரில் விற்கப்படுபவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம் என்றே என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். மறுபுறம், உண்மையிலேயே முற்றிய தேய்மானத்துக்கு மூட்டு மாற்றத்துக்கு இணையான சிகிச்சை இல்லை. 50 வயதைக் கடந்த, முற்றிய தேய்மானமுள்ள 109 பேரை வைத்து டென்மார்க்கில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் 48 புள்ளி அளவுகோலில் மூட்டு மாற்றக் குழு 15.9 புள்ளியும் வலுப்பயிற்சிக் குழு 4.5 புள்ளியும் முன்னேறின. ஜான் சார்ன்லி 1962இல் இங்கிலாந்தில் செம்மைப்படுத்திய முறையிலிருந்து வளர்ந்த இந்த அறுவை சிகிச்சையில், பொருத்தப்படும் மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டு நீடிப்பதாகத் தேசியப் பதிவேடுகளின் தரவுகள் காட்டுகின்றன. 46 வயதில் அவசரப்படாமல் இருக்கவும், 70 வயதில் வலியோடு வீணாகக் காத்திராமல் இருக்கவும் இந்த ஒரே எண் போதுமான காரணம்.

உங்கள் தாயாருக்கு நேர்ந்தது வேறு நோய். லேப்ரம் கிழிசலோ தேய்மானமோ எலும்பை முறியவைப்பதில்லை. எலும்பின் அடர்த்தி குறைந்து வலுவிழப்பதும் தடுமாறி விழுவதும் சேர்ந்தே முதியவர்களின் இடுப்பெலும்பு முறிகிறது. விழுந்தபின் கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால் ஐயத்துக்கே இடமில்லை. எலும்பு விலகாமல் விரிசல் மட்டும் விட்டிருந்தால் முதல் எக்ஸ்ரே சரியாக இருப்பதாகவே தோன்றலாம். காலூன்ற முடியாத முதியவரை அந்த எக்ஸ்ரேயை நம்பி வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து, எம்ஆர்ஐயோ சிடி ஸ்கேனோ எடுத்தாக வேண்டும். உடல்நிலை இடங்கொடுத்தால் ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சையும், அதற்கு மறுநாளே எழுந்து நிற்கவைப்பதும் இன்றைய நடைமுறை. தாயின் இடுப்பெலும்பு முறிவு மகளின் அபாயக் கணக்கில் தனியாகவே சேர்க்கப்படுகிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008இல் உருவாக்கிய, 40 முதல் 90 வயது வரையிலானோரின் எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் கணிப்பானில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆகவே இந்த வலி தீர்ந்தாலும் தீராவிட்டாலும், மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். தாயாருக்கு எலும்பை வலுப்படுத்தும் மருந்து கொடுக்கப்பட்டதா என்றும் விசாரியுங்கள். முறிவை மட்டும் சரிசெய்துவிட்டு அடிப்படை நோயை விட்டுவிடுவது அடிக்கடி நிகழ்கிறது.

நான் இதுவரை சொன்ன நிதானம் பொருந்தாத சில நிலைகள் உண்டு. நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவருக்கோ மிகுதியாக மது அருந்துபவருக்கோ தொடையிடுக்கில் வலி வந்தால், எலும்புத் தலையின் ரத்த ஓட்டம் தடைபட்டு அது மடியத் தொடங்கியிருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும், தலை நசுங்குவதற்கு முன் கண்டால் மட்டுமே அதைக் காப்பாற்ற முயல முடியும். ஓடும் தூரத்தைத் திடீரெனக் கூட்டியவரின் தொடையிடுக்கு வலி, தொடை எலும்பின் கழுத்தில் விழுந்த விரிசலாக இருக்கலாம். அதை இல்லையென்று உறுதிசெய்யும்வரை அந்தக் காலில் பாரம் ஏற்றக்கூடாது. காய்ச்சலோடு கூடிய கடும் வலி, ஓய்விலும் இரவிலும் எந்நிலையிலும் தணியாத வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நாள் கடத்த வேண்டாம். குழந்தைகளின் இடுப்பு தனி உலகம், இங்கே அதற்குள் போகவில்லை. இதைப் படிக்கும் பெற்றோருக்காக ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். வளரிளம் பருவத்துப் பிள்ளை நொண்டிக்கொண்டு முழங்கால் வலி என்று சொன்னால், இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் எலும்புத் தலை சரிவது அந்த வயதில் அப்படித்தான் வெளிப்படும். முழங்காலை மட்டும் பார்த்து அதைத் தவறவிடுவது இன்றும் நடக்கிறது.

அடுத்த முறை இருவரில் எவரைப் பார்க்கப் போனாலும், வலிக்கும் இடத்தில் ஒற்றை விரலை வைத்துக் காட்டி, வலி மூட்டுக்குள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்றும், அதை எந்தப் பரிசோதனையால் முடிவு செய்தார் என்றும் கேளுங்கள். பக்கவாட்டு வலிதான் என்று ஆகிவிட்டால், தேர்ந்த பிசியோதெரபி நிபுணரின் மேற்பார்வையில் மூன்று மாதமாவது வலுப்பயிற்சி செய்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்; அந்தக் காத்திருப்பால் கிழிசல் பெரிதாகி மூட்டு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொண்டால் போதும். நடக்கும்போது கூடும் வலி பொறுக்கக்கூடிய அளவில் இருந்து மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அந்தத் தூரம் உங்களுக்கு ஏற்றது. இறங்காவிட்டால் அடுத்த நாள் தூரத்தைக் குறையுங்கள், மேட்டுப் பாதையையும் படிகளையும் சில வாரம் தவிருங்கள். நொண்டாமல் நடக்க முடியவில்லை என்றால் கைத்தடியை வலது கையில் பிடிக்காதீர்கள், இடது கையில் பிடியுங்கள். சாதாரண நடையிலேயே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை இறங்குகிறது. அதில் பெரும்பகுதி உடலைச் சாயாமல் தாங்கும் பிட்டத் தசைகளின் இழுப்பினால் வருவது. மறுபக்கக் கையில் ஊன்றும் தடி அந்த இழுப்பின் தேவையைக் குறைப்பதால் தசைநாணுக்கும் மூட்டுக்கும் சேர்த்தே சுமை குறையும்.